வீட்ல தானே இருக்க!

ஆன்லைனில் படிக்கிற பிள்ளையின் காதில் அதிகம் விழுகிற வாக்கியம் பாடத்தில் வருவதில்லை. "வீட்ல தானே இருக்க, அந்த அடுப்பக் கொஞ்சம் பாத்துக்கோ." "வீட்ல தானே இருக்க, கேஸ்காரன் வந்தா வாங்கி வையி." "வீட்ல தானே இருக்க, தம்பியக் கூட்டிட்டு வந்துரு." சொல்கிறவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. பிள்ளை கண்முன்னால் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. அதில் ஓடுவது வகுப்பா ரீல்ஸா என்று அடுப்படியில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிக்கையில், மிளகாய் வத்தல் யாவாரம் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் இதையே வேறு மாதிரிக் கேட்டார். "எந்தம்பி அந்தக் காலத்துல மதுரை யுனிவர்சிட்டில கரஸ்ல படிச்சான். பி.ஏ. முடிச்சு வேலைக்கும் போயிட்டான். எம் மூத்த பய கொரோனா பேட்ச்சு. போனையே பாத்துக்கிட்டு இருந்தான், பாசும் ஆயிட்டான். என்னடா படிச்சேன்னு கேட்டா முழிக்கான். இப்ப சின்னவ ஆன்லைன் டிகிரில சேந்திருக்கா. மூணும் வீட்ல இருந்து படிக்கிறதுதான? பெறகு ஏன் ஒருத்தன் தேறுனான், ஒருத்தன் தேறல? இவ தேறுவாளா?"

நல்ல கேள்வி. ஒரு டீயில் முடியாது, இன்னொன்று சொல்லிவிட்டு நிதானமாகப் பார்க்கலாம்.

மூத்தவனை முதலில் எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் நடுவில் கல்லூரிகளை மூடினார்கள். கடைசி வருடத்துப் பிள்ளைகளுக்கு டிசம்பர் 7-ம் தேதியும், மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8-ம் தேதியும் திறந்தார்கள். அடுத்த அலை வந்தது, மறுபடி பூட்டு. செப்டம்பர் 1-ல்தான் மீண்டும் திறந்தது. அன்றைக்கு ஆசிரியருக்கும் ஆன்லைன் புதிது, மாணவனுக்கும் புதிது. நெருப்புப் பிடித்த வீட்டிலிருந்து கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடுவது போல, கல்லூரியின் கால அட்டவணையை அப்படியே தூக்கிப் போனுக்குள் போட்டார்கள். காலை பத்து மணி முதல் மாலை வரை வகுப்பு, எதிரே ஐந்தரை அங்குலத் திரை.

அந்தப் பையன் சந்தித்த முதல் சிக்கல் நெட். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. 9 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அரசின் எல்காட் நிறுவனம் மூலம் டேட்டா கார்டு. அறிவிப்பு வந்தது தை பிறக்கிற சமயம். பருவம் தப்பிய மழையில் கரிசல் காட்டில் உளுந்தும் மிளகாயும் அழுகிக்கொண்டிருந்த அதே நாட்கள். ரீசார்ஜுக்குக் காசு கேட்க வாய் வராத வீடுகளில் அது பெரிய உதவிதான். ஆனால் 2 ஜி.பி. எவ்வளவு நேரத்துக்கு வரும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படம் சுமாராகத் தெரிகிற வீடியோ, நொடிக்கு 1 மெகாபிட் வீதம் போனுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 3,600 நொடி என்றால் 3,600 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எட்டால் வகுத்தால் 450 எம்.பி. ஆக, 2 ஜி.பி.யில் நாலரை மணி நேரம்கூட முழுசாக ஓடாது. ஐந்து பீரியட் உள்ள நாளில் கடைசிப் பீரியட் அம்போ. தம்பியின் பள்ளிக்கூட வகுப்புக்கும் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தால் மத்தியானமே தீர்ந்தது. இப்போது படத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பாருங்கள். தெளிவான பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் தாராளம். அது மணிக்கு 29 எம்.பி. பதினைந்தில் ஒரு பங்கு! ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிற பாடத்துக்குப் படம் வேண்டும். வரலாறும் இலக்கியமும் பேசுகிற வகுப்புக்குக் குரலும், முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் வந்த நாலு பக்கக் குறிப்பும் போதும். இப்படிப் பிரித்து நடத்திய ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகள் கடைசி வரை இருந்தார்கள்.

"நெட்டு இருந்தாலும் டவர் இல்லையே" என்றார் அண்ணாச்சி. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "சார் பேசுறது எனக்குக் கேக்குது, நான் பேசுறது சாருக்குக் கேக்கல" என்று பிள்ளைகள் புலம்பியதைக் கேட்டிருப்பீர்கள். பலர் அதைச் சாக்கு என்று நினைத்தார்கள். உண்மையில் நடப்பதே அதுதான். டவர் பல பத்து வாட் சக்தியில் பேசுகிறது. நம் கையிலுள்ள 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட்டில் பதில் சொல்கிறது. டவரிலிருந்து தள்ளிப்போகப்போக முதலில் அறுவது போனின் குரல்தான். விளாத்திகுளம் தாலுகாவில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே மைல் கணக்கில் வெறும் காடு. ஓரத்து ஊர்களில் இப்படித்தான் ஆகும். கான்கிரீட் சுவர் இன்னும் கொஞ்சம் தின்றுவிடும். அதனால்தான் பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். போதாக்குறைக்கு, ஒரு டவரின் கொள்ளளவை அங்குள்ள எல்லாரும் பங்குபோட வேண்டும். பத்து மணிக்கு எல்லாக் கல்லூரியும் ஒரே நேரத்தில் வகுப்பு தொடங்கினால் யாருக்கும் சரியாக வராது. இதற்கு இன்றைக்கும் பொருந்துகிற வைத்தியம்: கேமராவை அணைத்துவிடுவது, கேள்வியை வாயால் கேட்காமல் சாட்டில் எழுதுவது, பதிவான பாடத்தை விடியற்காலையில் இறக்கி வைத்துக்கொள்வது.

ஆனால் நெட் ஒழுங்காகக் கிடைத்த பிள்ளைகளும் முழித்தார்களே? 2021 நவம்பரில் மதுரை உட்படப் பல ஊர்களில் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தது நினைவிருக்கும். பாடத்தை ஆன்லைனில் நடத்திவிட்டுத் தேர்வை மட்டும் நேரில் வை என்றால் எப்படி என்று கேட்டார்கள். சோம்பேறிப் பிள்ளைகள் என்று பெரியவர்கள் திட்டினார்கள். எனக்கு அது நேர்மையான வாக்குமூலமாகப் பட்டது. வகுப்பில் இருந்தோம், பாடம் எங்களுக்குள் வரவில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

ஏன் வரவில்லை? நாகலாபுரத்துக்கோ கோவில்பட்டிக்கோ கல்லூரிக்குப் போகிற பிள்ளையைக் கவனியுங்கள். ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் எழுந்துவிடுகிறது. மணி அடிக்கிறது, அதனால் ஒரு பாடம் முடிந்து மனசு அடுத்ததற்கு மாறுகிறது. பக்கத்தில் இருக்கிறவன் எழுதுகிறான், அதனால் நாமும் எழுதுகிறோம். ஆசிரியர் நம் முகத்தைப் பார்த்து, புரியவில்லை என்று கண்டு, இன்னொரு தடவை சொல்கிறார். இவற்றில் ஒன்றைக்கூடப் பாடத்திட்டத்தில் எழுதி வைக்கவில்லை. யாரும் முயற்சி எடுக்காமலே நடந்தன. போன் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. பஸ், மணி, பக்கத்து ஆள், ஆசிரியரின் பார்வை எல்லாம் கல்லூரியிலேயே நின்றுவிட்டன.

பெண்பிள்ளைகள் இழந்தது இன்னும் ஒன்று. பஸ் ஏறிவிட்டால் அந்தப் பிள்ளை வீட்டு வேலைக்குக் கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். பஸ் பாஸ் அவளுக்கு அனுமதிச் சீட்டு மாதிரி இருந்தது. வீட்டிலிருந்தே வகுப்பு என்றதும் அந்த அனுமதி ரத்து. வத்தல் களத்தில் பார்த்த ஒரு பிள்ளை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு காய்ந்த மிளகாய்ப் பழத்தைப் புரட்டிவிடுகிறாள், வெளுத்ததைத் தனியாகப் பொறுக்குகிறாள், ஒரு காதில் மட்டும் இயர்போன். அட்டெண்டன்ஸ் எடுக்கையில் நெடி ஏறித் தும்மல் வந்துவிடக் கூடாதே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு "எஸ் மேம்" என்றாள். வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு அவள் வந்திருந்தாள். பையன்களுக்கும் இது உண்டு. வேம்பார்ப் பக்கம் கடலுக்கு, இந்தப் பக்கம் காட்டுக்குக் கூப்பிடுவார்கள்.

சரி, இடமும் நேரமும் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். திரையில் பாடம் கேட்பதில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. நன்றாக விளக்குகிற வீடியோவைப் பார்க்கையில் எல்லாம் புரிகிற மாதிரியே இருக்கும். புரிந்தது வேறு, நினைவில் தங்குவது வேறு. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்து மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்ததை மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. வீடியோவை மூன்றாம் தடவை பார்ப்பதைவிட, நிறுத்திவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்ப்பது மேல்.

எவ்வளவுக்கு ஒருமுறை நிறுத்துவது? எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், நடுத்தரமான ஒரு மாணவர் அதில் ஒட்டியிருந்தது அதிகபட்சம் ஆறு நிமிடம்தான். ஆகவே ஆறு நிமிடமோ பத்து நிமிடமோ, ஒரு கருத்து முடிகிற இடத்தில் நிறுத்தி மூன்று வரி எழுத வேண்டும். கல்லூரி மணி செய்த வேலையைப் பேனா செய்கிறது.

கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்பதும் பொய்யில்லை. ஸ்டான்போர்டு பேராசிரியர் ஜெரெமி பெய்லன்சன் 2021-ல் வீடியோ கூட்டங்களில் வரும் இந்தச் சோர்வுக்கு நாலு காரணம் சொன்னார்: எத்தனையோ முகங்கள் மிக நெருக்கத்தில் நம்மையே பார்க்கிற உணர்வு, நம் முகத்தையே நாம் பார்த்துக்கொண்டிருப்பது, கேமராவுக்காக அசையாமல் உட்காருவது, முகக்குறிப்பையும் கையசைப்பையும் படிக்க மூளை கூடுதலாக உழைப்பது. நம் முகம் நமக்குத் தெரியாமல் மறைக்கிற வசதி ஜூம் செயலியில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, பீரியடுக்கு நடுவே எழுந்து நாலடி நடந்தாலே பாதி வலி போகும்.

இப்போது கரஸில் படித்த உங்கள் தம்பிக்கு வருவோம் அண்ணாச்சி. நம் நாட்டில் தபால்வழிக் கல்வி 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும் ஆரம்பித்தன. வேலை பார்த்துக்கொண்டே படித்த எத்தனையோ பேருக்கு அதுதான் கல்லூரி. பழுப்புக் கவரில் பாடப் புத்தகம் வரும், லீவு நாளில் காண்டாக்ட் கிளாஸ், வருடக் கடைசியில் ஒரு சென்டரில் போய்த் தேர்வு. வீடியோ கிடையாது, ஆசிரியர் முகம் வருடத்தில் சில நாள்தான். ஆனாலும் தேறினார். எப்படி என்று தம்பியிடம் கேட்டிருக்கிறீர்களா?

அண்ணாச்சி யோசித்துச் சொன்னார். "ஞாயித்துக்கெழம ஆனா சைக்கிள எடுத்துருவான். எட்டயபுரத்துல ரெண்டு பேரு, இவன் ஒருத்தன். கோயில் மண்டபத்துல ஒக்காந்து ஒருத்தன ஒருத்தன் கேள்வி கேப்பானுவ. அந்நேரம் காட்டு வேலைக்குக் கூப்பிட்டா எங்கய்யா விடமாட்டாக. 'அவன் பரிச்சைக்குப் படிக்கான்'பாக."

அவ்வளவும் இதில் வந்துவிட்டது. கிழமை ஒன்று, இடம் ஒன்று, கூட இரண்டு பேர், கேள்வி-பதில், நடுவில் கூப்பிடாத வீடு. கல்லூரி கொடுத்ததை மூன்று பேரும் ஒரு தகப்பனாரும் சேர்ந்து தாங்களே கட்டிக்கொண்டார்கள். கொரோனா பேட்ச்சுக்கு வீடியோ இருந்தது, இது எதுவும் இல்லை. கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லவும் ஆள் இல்லை. உங்கள் மூத்த மகனைத் திட்டாதீர்கள்.

சின்னவள் சேர்ந்திருப்பது சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயன்ஸ் பட்டம். அதை 2020 ஜூன் 30 அன்று தொடங்கினார்கள். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுத வேண்டாம். நாலு வாரப் பாடத்தை முடித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. பாடம் ஆன்லைன். வாரா வாரம் அசைன்மென்ட், அதற்குக் கெடு தேதி. தேர்வு மட்டும் சென்டருக்கு நேரில் போய் எழுத வேண்டும். மத்திய அரசின் ஸ்வயம் தளமும் இதே பாணிதான். 2017-ல் தொடங்கிய அதில் வீடியோ, படிக்கிற பாடம், தானே சோதித்துக்கொள்ளும் வினா, சந்தேகம் கேட்கும் பகுதி என்று நாலு கூறு. கல்லூரியில் படிக்கிறவர்கள் தங்கள் பாடங்களில் 40 சதவீதம் வரை அதில் படித்து மதிப்பெண் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று யு.ஜி.சி. 2021-ல் இடம் கொடுத்தது. அண்ணனுடைய வகுப்பு அவசரத்தில் போனுக்குள் திணித்தது. இவளுடையது ஆன்லைனுக்கென்றே தைத்தது. வாராந்திரக் கெடு, கல்லூரி மணியின் வேலையைக் கொஞ்சம் செய்கிறது. மற்றதை வீடுதான் செய்ய வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்? சாயங்காலம் ஆறு முதல் எட்டு என்று ஒரு நேரத்தை அவளே எழுதிச் சுவரில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டட்டும். அந்த இரண்டு மணி நேரம் அவள் வீட்டில் இல்லை, காலேஜுக்குப் போயிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸ்காரர் வந்தால் நீங்கள் வாங்குங்கள். படுக்கையில் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டாம், ஒரு ஸ்டூலும் நாற்காலியும் போதும். அந்த நேரத்தில் போனில் மற்ற நோட்டிபிகேஷன் எல்லாம் அணைந்திருக்கட்டும். அதே படிப்பைப் படிக்கிற இரண்டு பேரை அவள் தேடிக்கொள்ளட்டும். அவர்கள் தென்காசியில் இருந்தாலும் சரி, திருவள்ளூரில் இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை கான்பரன்ஸ் கால் போட்டு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கட்டும். புரியாததை அன்றைக்கே எழுதிக் கேட்டுவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் சந்தேகம் என்ன என்பதே மறந்துவிடும்.

இதில் ஊரின் பங்கும் இருக்கிறது. ஆன்லைன் படிப்பு மலிவு என்கிறார்கள். கட்டடம், பெஞ்சு, விளக்கு, மின்விசிறி, அமைதி, இவற்றுக்கெல்லாம் கல்லூரி செய்த செலவு எங்கே போயிற்று? குடும்பத்தின் தலையில் இறங்கியது. தனி அறை உள்ள வீடு தாங்கும். ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கிற வீடு தாங்காது. ஊருக்கு ஊர் நூலகம் வைத்திருக்கிற மாநிலம் இது. அங்கே ராத்திரி எட்டு மணி வரை நாலு மேசை, நாலு பிளக் பாயிண்ட், ஒழுங்கான வைஃபை, பெண்பிள்ளைகள் வீடு திரும்ப வெளிச்சமான தெரு என்று கேட்பது பேராசை இல்லை. 2025-26 தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கையடக்கக் கணினியோ லேப்டாப்போ என்று அறிவித்தார்கள். கருவி வந்தால் மகிழ்ச்சி. அதை விரித்து வைத்து உட்கார ஓர் இடமும் வேண்டும்.

"எல்லாஞ் சரி, அவ படிக்காளா இல்லையான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு அந்தப் பாடம் ஒரு மண்ணும் தெரியாதே."

தெரியாததுதான் உங்கள் பலம் அண்ணாச்சி. வாரம் ஒருநாள் கூப்பிட்டு, "இந்த வாரம் படிச்சதுல ஒன்ன எனக்குச் சொல்லு தாயி" என்று கேளுங்கள். இப்போது அவளுக்குப் புள்ளியியலில் சராசரியும் நடுமதிப்பும் நடக்கும். உண்மையில் படித்திருந்தால் உங்கள் வத்தலை வைத்தே சொல்லுவாள்: "அப்பா, அஞ்சு பேரு வத்தல் வித்தாக. குவிண்டால் ஒம்பதாயிரம், பத்தாயிரம், பத்தாயிரம், பதினோராயிரம். ஒருத்தருக்கு மட்டும் நல்ல சரக்கு, முப்பதாயிரம். கூட்டி அஞ்சால வகுத்தா சராசரி பதினாலாயிரம். ஆனா அந்த வெலைக்கு யாருமே விக்கல. வரிசையா அடுக்கி நடுவுல நிக்கிறதப் பாருங்க, பத்தாயிரம். சந்தை நெலவரம் அதுதான்." கேட்டு உங்களுக்குப் புரிந்ததா? அப்படியானால் பாடம் அவளுக்குள் இறங்கிவிட்டது. சொல்லத் தெரியாமல் போனை எடுத்து வீடியோவைக் காட்டினாள் என்றால் இன்னும் இறங்கவில்லை. கோபப்படாமல் அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். தேறுவாளா என்பது மார்க் ஷீட் வருவதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்துபோகும்.